இருபத்திரண்டில் நிற்காத விசிறி

பிற்பகல் இரண்டு இருபதுக்கு மூன்றாம் விசிறியின் எண் அசைந்தது.

இருபத்திரண்டு சதவீதத்தில் நிற்க வேண்டியது அது. காலையிலிருந்து அப்படித்தான் நின்றது. இப்போது இருபத்துமூன்று ஆனது, இருபத்துநான்கு ஆனது, ஏதோ யோசிப்பதுபோல் ஒரு கணம் தயங்கியது, பிறகு இருபத்துமூன்று, இருபத்திரண்டு என்று இறங்கி, அங்கே ஒரு நொடிகூட உட்காராமல் மறுபடி ஏறத் தொடங்கியது. பக்கத்தில் மற்ற மூன்று விசிறிகளின் எண்களும் ஆணி அடித்ததுபோல் அசையாமல் இருந்தன.

எலக்ட்ரீஷியன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேனலைப் பார்த்தார். கிடங்கில் எல்லோரும் அவரை 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மீட்டர் வீட்டில் மூச்சு விடுவதற்குக்கூட அளவு வைத்திருப்பார் என்று லோடு ஆட்கள் சொல்லிச் சிரிப்பது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

உருளைக்கிழங்குக் கிடங்கு அது. நான்கு பெரிய கூடங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஆள் உயரத்துக்குக் கிழங்கு குவிந்து கிடக்கும். குவியலுக்குப் பின்னால், சுவருக்கும் சுவருக்கும் நடுவே, ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கும் அகலத்தில் ஒரு காற்றறை. விசிறி அந்த அறைக்குள் காற்றை அடைக்கும். அறையிலிருந்து தரைக்கு அடியில் ஓடும் வாய்க்கால்கள் வழியாகக் காற்று போய், மேலே உள்ள மரச் சட்டங்களின் இடுக்கில் கசிந்து, கிழங்குகளுக்கு நடுவே ஏறும். கிழங்கு தோண்டியெடுத்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. அதுவும் மூச்சு விடும், சூடாகும், வியர்க்கும். காற்று போகாவிட்டால் அழுகும்.

முன்பெல்லாம் விசிறி என்றால் முழு வேகம், இல்லையென்றால் நிறுத்தம். ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேச்சு கேட்காது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிகளை வாங்கிப் பொருத்த இரண்டு வருடம் மேனேஜரிடம் மன்றாடியவர் இவர்தான். வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும் என்று தாளில் கணக்குப் போட்டு நான்கு தடவை காட்டினார். பெட்டிகள் வந்தன. காற்றறையின் அழுத்தம் குறைந்தால் அவை தாமாகவே வேகத்தைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். கிடங்கில் சத்தம் அடங்கியது. நாளைக் காலை பத்து மணிக்கு முதலாளி வருகிறார், கூடவே இன்னும் ஆறு கிடங்குகளின் முதலாளிகள் வருகிறார்கள். இந்த எண்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஏழு கிடங்குகளுக்கும் பொறுப்பாளர் யார் என்பது நாளை முடிவாகும்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினார். ஏறி இறங்குவது ஒன்று. ஏறி இறங்குவது இரண்டு.

நிமிடத்துக்குப் பதினாறு.

இன்னொரு நிமிடம் எண்ணினார். பதினாறு.

முதலில் கம்பிகளைப் பார்த்தார். திருகுகளை இறுக்கினார். அழுத்தம் காட்டும் முள் கருவியை நான்காம் விசிறியிலிருந்து கழற்றி மூன்றில் மாட்டினார். மாட்டிய முள்ளும் அதே மாதிரி ஆடியது. அப்படியானால் கோளாறு பெட்டியில் இல்லை, கம்பியில் இல்லை, முள்ளில் இல்லை. காற்றறைக்குள் அழுத்தம் உண்மையாகவே ஏறி இறங்குகிறது. எலி ஓடினால் இப்படி ஆகாது. ஆள் நடந்தால்கூட ஆகாது. அந்த அறையின் காற்றை இப்படி இழுத்து விட வேண்டுமென்றால் அந்த அறை அளவுக்கு ஒரு நெஞ்சு வேண்டும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நடைவழியில் விளக்கு போடுவதில்லை. வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகிவிடும். வெளியே பிற்பகல் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோதும் உள்ளே கிணற்றடி இருட்டு. ஈர மண் வாசனை, நனைந்த சாக்கு வாசனை, அவற்றுக்குக் கீழே தொண்டையின் அடியில் ஒட்டுகிற இனிப்பான ஒரு வாசனை. ஏதோ ஒரு மூலையில் கிழங்கு அழுகத் தொடங்கியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். தன் குரல் கேட்டால் தைரியமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வரவில்லை. குவியல் அதை உறிஞ்சிக்கொண்டது.

மூன்றாம் காற்றறையின் இரும்புக் கதவு நடைவழிக் கோடியில் இருந்தது. தாழ்ப்பாள் போட்டு, பூட்டு தொங்கியது. சனிக்கிழமை மாலை அவரே பூட்டியது. கதவில் காதை வைத்தார். சில்லென்ற இரும்பு. உள்ளே விசிறியின் மெல்லிய முனகல். அதன் மேல் இன்னொன்று. நீளமாக, வறட்சியாக, எதையோ இழுப்பதுபோல். அது இழுத்தபோது கதவு அவர் கன்னத்தை விட்டு மயிரிழை விலகியது. விட்டபோது திரும்பி வந்து கன்னத்தில் அழுந்தியது.

விலகியது. அழுந்தியது.

அவர் காதை எடுத்துக்கொண்டார். சட்டைப்பையில் போன் அடித்தது. 

மனைவி.

"ஏங்க, அண்ணன் அங்க இருக்கா?"

"இல்லையே. ஏன்?"

"சனிக்கிழமை வேலைக்கு வந்தது, இன்னும் வீட்டுக்கு வரலையாம். அண்ணி இப்பத்தான் கூப்பிட்டுச் சொன்னாங்க. வழக்கம்போல லாரி எதுலயாவது ஏறிப் போயிருக்கும்னு நேத்து பூரா சும்மா இருந்திருக்காங்க. போன் போட்டா போகவே மாட்டேங்குது."

"அவரு என்னிக்குச் சொல்லிட்டுப் போயிருக்காரு. நாலு நாள் கழிச்சு வந்து பல்லைக் காட்டுவாரு."

"நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?"

"மத்தியானம். வாசல் கேட்டுப் பக்கமா போயிட்டிருந்தாரு."

"சாப்பாட்டுப் பையைக்கூட எடுக்காம எங்க போச்சு? அது அங்கேயே ஆணியில தொங்குதாம், வாட்ச்மேன் சொன்னாராம்."

"பாக்கறேன். வேலையா இருக்கேன், வை."

பொய் முதலில் வந்தது. எதற்காக அந்தப் பொய் என்கிற நினைவு பின்னால்தான் வந்தது. போனைப் பையில் போட்டபோது அது முழுதாக வந்து எதிரில் நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் மச்சானை வாசல் கேட்டுப் பக்கம் பார்க்கவில்லை. பேனலுக்குப் பக்கத்தில்தான் பார்த்தார். மண்வெட்டியும் கையுமாக நின்றுகொண்டு மச்சான் சொன்னார்:

"மாப்ளே, மூணாவது அறையில ஒரு வாய்க்கால் மண்ணு அடைச்சிருக்கு. சாயங்காலத்துக்குள்ள உள்ள போய் இழுத்துப் போட்டுடறேன்."

"போங்க. ஆனா ஃபேனை நிறுத்திடாதீங்க. நிறுத்தி நிறுத்திப் போட்டா நான் மிச்சம் பிடிச்சதெல்லாம் வீணாப் போயிடும். இருபதுக்குக் குறைச்சா போதும், கதவு திறக்க வரும்."

"உள்ள ஆள் இருக்கறப்ப ஓடிட்டே இருக்கும்னு சொல்லுங்க. நல்லாருக்கு. என் தங்கச்சி மாப்பிள்ளை என்னைக் காத்தோட காத்தா அனுப்பிட்டாருன்னு எங்க வீட்டுல சொல்லிக்கலாம்."

இருவரும் சிரித்தார்கள்.

முன்பு அப்படி இல்லை. முழு வேகத்தில் ஓடும் விசிறியை வைத்துக்கொண்டு காற்றறைக் கதவைத் திறக்கவே முடியாது. கதவு உள்பக்கமாகத் திறப்பது. உள்ளே அடைந்த காற்று ஒரு தடி ஆள் சாய்ந்து நிற்பதுபோல் அதைச் சட்டத்தோடு அழுத்திக்கொண்டு நிற்கும். ஆகையால் யார் உள்ளே போனாலும் விசிறியை நிறுத்தித்தான் போக வேண்டும். சத்தம் நின்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சீட்டு இல்லை, பலகை இல்லை. கிடங்கு முழுவதற்கும் அந்த அமைதி ஒன்றே போதுமானதாக இருந்தது. அந்த அமைதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை இவர். பேனலுக்கு மேல் இவர் கையெழுத்தில் ஒரு தாள் மட்டும் ஒட்டியிருந்தது: நிறுத்தாதீர்கள், குறையுங்கள்.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குப் பேனலைப் பார்த்தபோது மூன்றாம் விசிறி இருபதில் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் நடந்த பேச்சு நினைவிலேயே இல்லை. பெட்டி தானாகவே கண்டுபிடித்து இறக்கியிருக்கிறது என்று நினைத்தார். சந்தோஷத்தில் மேனேஜரைக் கூப்பிட்டு, "தானாவே இருபதுக்கு இறங்கிடுச்சு சார்" என்றுகூடச் சொன்னார். பிறகு நடைவழிக்குப் போனார். காற்றறைக் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. வெளியே, உள்பல்புக்கான சுவிட்ச் போட்டபடியே இருந்தது. எவனோ அணைக்காமல் போய்விட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே பல்பை அணைத்தார். தாழைப் போட்டார். பூட்டினார். புதிதாக இறங்கிய கிழங்கு ஈரமாக இருக்கிறது, ஓர் இரவு உலரட்டும் என்று விசிறியை எழுபதுக்கு ஏற்றினார். அந்தச் சத்தத்தில் கதவை யார் இடித்தாலும் கேட்டிருக்காது. வெளிக்காற்று வரும் சன்னலும் மூடியிருந்தது. கிழங்கு விட்ட மூச்சையே சுற்றிச் சுற்றி அறைக்குள் அடைத்துக்கொண்டிருந்தது விசிறி.

சனி இரவு. ஞாயிறு. இன்று திங்கள்.

அவர் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாவி இடுப்பில் இருந்தது.

"மச்சான்."

முனகல் மட்டும்.

"மச்சான், நான்தான்."

தட்டும் சத்தம் கேட்டது. கதவின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். கையால் தட்டுவதுபோல் இல்லை, நகத்தால் தட்டுவதுபோல். மூன்று தடவை.

சாவியைப் பூட்டுக்குள் நுழைத்துவிட்டார். திருப்பினால் போதும். விரல்கள் திருப்பவில்லை. அந்த நேரத்திலும் அவருக்குப் புத்தி வரிசையாகத்தான் ஓடியது. உயிரோடு இருக்கும் ஆள் பேசுவான். இவர் பேசவில்லை. ஒருவேளை பேசத் தெம்பில்லாமல் இருக்கலாம். அப்படியானால் வெளியே எடுத்தால் பேசுவார். என்ன பேசுவார். யார் பூட்டியது என்று பேசுவார். யார் நிறுத்த வேண்டாம் என்றது என்று பேசுவார். நாளை பத்து மணிக்கு ஏழு முதலாளிகளுக்கு முன்னால் அந்தத் தாளைக் காட்டிப் பேசுவார். வீட்டில் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒன்றும் பேச முடியாதவர் என்றால் ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் என்ன.

சாவியை உருவிக்கொண்டு பேனலுக்குத் திரும்பி நடந்தார். நடைவழி வந்ததைவிட நீளமாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் கதவு விலகுவதும் அழுந்துவதும் கேட்டுக்கொண்டே வந்தது.

தன்னிடமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். சோதித்துப் பார்ப்போம். விசிறியின் கோளாறு என்றால் வேகத்தைக் குறைத்தால் ஆட்டமும் குறையும்.

மூன்றாம் விசிறியைத் தானியங்கியிலிருந்து கை இயக்கத்துக்கு மாற்றினார். பதினெட்டுக்கு இறக்கினார். அழுத்த முள் ஆடியது. எண்ணினார். இருபது.

பதினான்குக்கு இறக்கினார். இருபத்தாறு.

பத்து. முப்பத்தெட்டு.

மூச்சு வாங்குகிறது. நாய் ஓடி வந்து நின்றால் விலா அடித்துக்கொள்வதுபோல் முள் அடித்துக்கொண்டது. இருட்டில் பேனலின் பச்சை வெளிச்சம் அவர் கையில் விழுந்திருந்தது. கை நடுங்கவில்லை. அது நடுங்கவில்லை என்பதையும் அவர் கவனித்தார்.

நான்கு பத்துக்கு விசிறியை நிறுத்தினார்.

அந்தப் பக்கம் ஓசை அடங்கியது. பேனலில் மூன்றாம் விசிறிக்கு நேரே ஒரு பூஜ்யம். முள் அடங்கவில்லை. விசிறியே ஓடாத அறையில் முள் ஏறியது. இறங்கியது. ஏறியது. தரையை மெதுவாகப் பிறாண்டும் சத்தம் ஒன்று நடைவழி நெடுக வந்தது. வந்து நின்றது. மறுபடி வந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டார். எழுந்து ஓடிப் பூட்டைத் திறக்க இருபது காலடிதான். உட்கார்ந்திருந்தார். எண்ணினார்.

முப்பது.

இருபத்திரண்டு.

பன்னிரண்டு.

பன்னிரண்டில் அது வெகுநேரம் நின்றது. ஒவ்வொரு தடவையும் முள் மேலே போய் அங்கேயே தொங்கியது. இனி இறங்காது என்று அவர் மூச்சை விட்டதும் இறங்கியது. ஒரு தடவை பிறாண்டும் சத்தத்தோடு ஏதோ ஒரு சொல்போலக் கேட்டது. அவர் நான்காம் விசிறியின் வேகத்தைக் கூட்டி அந்தச் சத்தத்தை மறைத்தார்.

ஏழு.

மூன்று.

நான்கு நாற்பத்துமூன்றுக்கு முள் பூஜ்யத்துக்கு வந்து படுத்தது. ஐந்து மணி வரை பார்த்தார். அசையவில்லை.

கைக்குட்டையை எடுத்துப் பொத்தானைத் துடைத்தார். பிறகு, தினமும் தொடுகிற பொத்தானை ஏன் துடைக்க வேண்டும் என்று தோன்றியது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

செய்ய வேண்டியது இனிக் கொஞ்சம்தான். பூட்டையும் தாழையும் எடுத்துவிட வேண்டும். உள்பல்பைப் போட்டுவிட வேண்டும். கதவு திறந்துதான் இருந்தது, விளக்கும் எரிந்தது, ஆள் வாய்க்காலுக்குள் மயங்கிவிட்டார். நாளை யாரோ ஒருவர் கண்டுபிடிப்பார். கதவின் உள்பக்கம் மட்டும் பார்த்துவிட வேண்டும். ஆணியால் ஏதாவது எழுதி வைத்திருந்தால்.

நடைவழியில் அந்த இனிப்பு வாசனை இப்போது கெட்டியாக நின்றது. பூட்டைக் கழற்றினார். தாழை இழுத்தார். பல்பு சுவிட்சைப் போட்டார். கதவை உள்ளே தள்ளினார். ஒரு சாண் போய் நின்றது. பின்னால் கனமாக ஏதோ சாய்ந்திருந்தது.

இடுக்கில் பார்த்தார்.

மச்சான் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். தலை திரும்பி, முகம் இடுக்கைப் பார்த்து இருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவற்றின் மேல் தூசு படிந்திருந்தது. எத்தனையோ வருடமாகக் கிழங்கைத் தொட்டுப் பார்த்து எத்தனை நாள் ஆனது என்று சொல்கிற மீட்டருக்கு அந்தத் தோலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வற்றிச் சுருங்கிச் சாம்பல் பூத்திருந்தது. அரை மணியில் இப்படி ஆகாது. இது சனிக்கிழமை இரவே முடிந்த கதை.

அவருக்குள் ஏதோ தளர்ந்தது. கண்ணில் நீர்கூட வந்தது. அப்படியானால் இன்று எதுவும் நடக்கவில்லை. நான்கு பத்துக்கு நான் எதுவும் செய்யவில்லை. இது வெறும் விபத்து.

இடுக்கில் வலது கையை விட்டார். தோளைப் பிடித்து உடம்பை அந்தப் பக்கம் சாய்த்துவிட்டால் கதவு திறக்கும்.

அப்போது விசிறி ஓடத் தொடங்கியது.

பேனலில் யாரும் இல்லை.

முதலில் மெல்லிய முனகல். பிறகு உறுமல். கதவு அவர் முழங்கைக்கு மேல் வந்து அழுந்தியது. அவர் இழுத்தார். வரவில்லை. இடது தோளைக் கொடுத்துத் தள்ளினார். இருபதில் ஓடினால் தள்ளலாம். நாற்பதிலும் தள்ளலாம். சத்தத்தை வைத்தே எத்தனை என்று சொல்லத் தெரிந்தவர் அவர். எழுபது. இன்னும் ஏறியது. எலும்பில் இரும்பு உட்கார்ந்தது. வாயிலிருந்து வந்த சத்தம் அவருக்கே கேட்கவில்லை.

பிறகு வேகம் இறங்கியது. கதவு மயிரிழை விலகியது. கையை உருவுவதற்குள் மறுபடி ஏறியது.

இறங்கியது. ஏறியது.

நிமிடத்துக்குப் பதினாறு.

சட்டைப்பையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்தார். விரலில் வியர்வை. இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை பச்சைப் பொத்தான் ஏற்றுக்கொண்டது.

"ஏங்க, அண்ணி அழுதுட்டே இருக்காங்க. போலீசுல சொல்லலாமான்னு..." அவள் நிறுத்தினாள். "யாருங்க அது பக்கத்துல?"

அவர் போனைக் கதவிடுக்கிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"இல்ல, யாரோ மூச்சு விடறாங்களே. மூக்கடைச்ச மாதிரி." ஒரு கணம். பிறகு அவள் குரலில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அது அண்ணன்தானே. சின்ன வயசுல இருந்து பக்கத்துப் பாயில கேட்ட மூச்சு, எனக்குத் தெரியாதா. என்ன விளையாட்டு இது ரெண்டு பேரும் சேர்ந்து. போனை அண்ணன்கிட்ட குடுங்க."

"இல்ல," என்றார். "இங்க யாரும்..."

"குடுங்கங்கறேன்."

உள்ளே, சிக்கிக்கொண்ட கையின் விரல்களை எதுவோ தொட்டது. காய்ந்தது. குளிர்ந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு அவர் மணிக்கட்டைத் தாண்டியது. முழங்கையைத் தாண்டியது. அவர் கையின் மேலேயே ஊர்ந்து, கதவிடுக்கு வழியாக, மண் ஒட்டிய ஒரு கை போனின் வெளிச்சத்துக்கு வந்தது. நகங்கள் பாதிதான் இருந்தன.

அது மெதுவாகத் திரும்பியது. உள்ளங்கையை மேலே காட்டி, போனுக்காக விரித்தது.